ஓர் இழை குறைவு

ஊட்டி மார்க்கெட்டில்
மீன்கடைக்கு மேல்மாடி என் கிடங்கு.
கீழே ஐஸ் உடைக்கும் சத்தம்.
மேலே, வெளுக்காத துணியின்
கஞ்சி வாடை.

வெள்ளை என்றுதான் பில்லில் எழுதுகிறேன்.
ஆனால் பருத்திக்கொட்டையின் தோல்
அங்கங்கே ஒட்டியிருக்கும்,
கடுகில் கால்வாசி, சருகில் ஒரு பொடி.
ஆலையில் எத்தனை அடித்தும் போகாத
கரிசல் காடு.

ஆடி மழையில்
உரச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தாள் கமலசின்.
“எண்ணிக்கை வரல.”

மீட்டர் சரியாகத்தானே இருக்கிறது என்றேன்.
“மீட்டர் இல்ல. இழை.”

அவளுக்குப் படம் கிடையாது, பென்சில் கோடு கிடையாது.
விரல்நுனியால் பாவை எண்ணி
இத்தனை விட்டு இத்தனை எடுத்து
சிவப்புக் கம்பளி நூல், பிறகு கறுப்பு.
இரண்டு பக்கமிருந்தும் வளரும் எருமைக்கொம்பு
நடுவில் சந்திக்க வேண்டும்.
சந்திக்கவில்லை.

பல்புக்கு நேரே பிடித்தாள்.
ஒரு மயிரிழை வெளிச்சம்
துணிக்குள் நேராக இறங்கியது,
நாலு முழம்.
அப்புறம் ஒரு முடிச்சு.
அதற்குப் பின் துணி முழுசு.

“இங்க தூங்கிட்டாங்க” என்று தொடக்கத்தைத் தொட்டாள்.
“இங்க முழிச்சுட்டாங்க” என்று முடிச்சைத் தொட்டாள்.

இருபது ரூபாய் குறைத்துக்கொள்ளலாம் என்றேன்.
நான் பேசியதே
அவள் காதில் விழவில்லை.

பில்லில் இருந்தது: தறி பதினாலு, இரவு ஷிப்ட்.

சனிக்கிழமை வசூலுக்கு இறங்கினேன்.
பர்லியாறில் ஸ்வெட்டரைக் கழற்றி
மேட்டுப்பாளையத்தில் மோர் குடித்து
குமாரபாளையத்தில்
தெரு திரும்பும் முன்பே காதில் தறி.

முதலாளியிடம் சொல்லவில்லை.
சொன்னால் கூலியில் பிடிப்பார்.
டீக்கு வெளியே வந்த பாவாயிடம்
துணியை நீட்டினேன்.
புருவமெல்லாம் பஞ்சு அவளுக்கு.
தறிக்குள் நின்று பழகிய தொண்டை,
தெருவிலும் கத்தித்தான் பேசினாள்.

வெயிலுக்கு நேரே பிடித்தாள்.
மலையில் அவள் பிடித்த அதே மாதிரி,
இரண்டு கட்டைவிரலும் மேலே.

அறுந்ததா என்று கேட்டேன்.
“அறுக்காம பின்ன? ஒரு ராத்திரிக்கு நூறு அறும்.
பீம்ல அறும், விழுதுல அறும்,
அச்சுப் பல்லுல தேஞ்சு அறும்.
நிறுத்தி, எச்சித் தொட்டு முறுக்கி
முடிஞ்சு விட்டுட்டு ஓட்டணும்.
நிறுத்துனா மீட்டர் ஏறாது.
மீட்டருக்குத்தானுங்க கூலி.”

கொஞ்ச நேரம் கழித்து,
“யாரு எண்ணுனது?”

மலையில் ஒருத்தி, கையாலேயே.

“முழுக்கவா?”

முழுக்க.

டீ ஆறிக்கொண்டிருந்தது.
“மேஸ்திரிகூட எண்ணுனதில்ல” என்றாள்.

தூங்கிவிட்டீர்கள் என்று அவள் சொன்னதாகச் சொன்னேன்.
சிரிப்பு நின்றது.
“தூங்கல. தூங்கலைன்னு சொல்லிப்போடுங்க.”

நாலு முழம் தறி ஓடுகிற நேரம்
அறுந்த நூலைப் பார்த்தபடி
தூங்காமல் என்ன செய்துகொண்டிருந்தாள்?
நான் கேட்கவில்லை.
உள்ளே போனாள்; திரும்பி வந்தபோது
தீப்பெட்டி மேல் சுற்றிய நூல் கையில்.
“அதே நம்பர். அதே கஞ்சி.”

குன்னூர் தாண்டியதும் மஞ்சு.
சட்டைப்பையில் தீப்பெட்டி
நமநமத்துக்கொண்டே வந்தது.

கமலசின் ஊசியில் கோத்தாள்.
ஓர் ஊடைக்கு மேலே, ஓர் ஊடைக்குக் கீழே,
பத்துப் பத்தாக அள்ளி
தறியில்லாமல் நெய்துகொண்டு போனாள்.
“தூங்கலையாம்” என்றேன்.

ஊசி நின்றது.
எதையோ எண்ணுவது மாதிரி
முடிச்சின் மேலேயே விரலை வைத்திருந்தாள்.
“அப்ப சரி.”

இரண்டாம் நாள் சாயங்காலம்
எருமைக்கொம்புகள் முட்டிக்கொண்டன.
முடிச்சை அவள் வெட்டவில்லை;
கறுப்புத் தையலுக்கு அடியில் விட்டிருக்கிறாள்,
தடவினால் தட்டுப்படும்.

பேரேட்டில் நான் எழுதியிருக்கிறேன்:
பாவு நூல், இழை ஒன்று, நாலு முழம்.
வரவா, பற்றா தெரியவில்லை.
தொகைக் கட்டத்தைக் காட்டி
ஆடிட்டர் பையன் மார்ச்சில் கேட்டான்.
அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொன்னேன்.